குறியும் நஞ்சும்: மிகுபுனைவு நாவலில் மந்திர அடையாளத்தையும் விஷத்தையும் குறியீடாக்குவது எப்படி?

என் முதல் மிகுபுனைவுக் கைப்பிரதியில் நாயகனின் நெற்றியில் ஒரு பிறைக்குறி இருந்தது. இரவில் ஒளிரும். பகைவர் நெருங்கினால் சிவக்கும். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது அவனுக்கு அரிக்குமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. நானூறு பக்கம் எழுதியிருந்தேன்; அந்தக் குறி அவன் தோலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. அதே கைப்பிரதியில் ஒரு விஷக் கிண்ணமும் வந்தது. யார் குடித்தாலும் வாயில் நுரை தள்ளிச் சாய்ந்துவிடுவார்கள். அதுவும் அதே இலட்சணம்தான்.

நான் செய்த பிழை வரிசையில் இருந்தது. “பிறை என்றால் விதி, விஷம் என்றால் துரோகம்” என்று பொருளை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு படத்தைத் தேடினேன். இப்போது தலைகீழாகச் செய்கிறேன். அந்தக் குறி எப்படி விழுந்தது, எங்கே இருக்கிறது, யாருக்குப் புரியும், அந்த நஞ்சு எப்படி உள்ளே போகிறது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பவற்றையெல்லாம் முடிவுசெய்த பிறகே அதன் பொருளைப் பற்றிப் பேசுகிறேன். பெரும்பாலும் அதற்குள் பொருள் வந்து உட்கார்ந்திருக்கும்.

விளக்குவதற்கு ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வோம். பெயர் குவளை. அரசன் உண்பதற்கு முன் அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் உலகில் ஒரே ஒரு மாயம்தான் உண்டு: ஒரு நஞ்சிலிருந்து பிழைத்தவரின் முன்கையில் ஒரு நீலக் கோடு விழும். குவளையின் கையில் ஏழு கோடுகள். (குவளை என்பது நீலப் பூவும் ஆகும், குடிக்கும் கலமும் ஆகும். பெயரிலேயே இரண்டையும் வைத்தேன். நாவலில் அதை யாரும் விளக்கக் கூடாது.)

முதல் படி: குறியை யார் இட்டது?

இங்கே தமிழின் வினைச்சொற்கள் பாதி வேலையைச் செய்துவிடும். குறி விழுந்தது என்றால் யாரும் பொறுப்பில்லை. குறி இட்டார்கள் என்றால் ஓர் அதிகாரம் இருக்கிறது. சூடு போட்டார்கள் என்றால் அந்த அதிகாரம் இரக்கமற்றது. பச்சை குத்திக்கொண்டாள் என்றால் அவள் விருப்பம் இருக்கிறது. பெயர்ச்சொற்களும் அப்படித்தான்: மறு, மச்சம், வடு, தழும்பு, கறை, முத்திரை, பொறி என்பவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல. தீயினால் சுட்டது புண், அது உள்ளே ஆறிவிடும். நாவினால் சுட்டது வடு, அது ஆறாது என்று குறள் பிரித்துச் சொல்கிறது. உங்கள் பாத்திரத்தின் குறிக்கு இந்தச் சொற்களில் எது பொருந்தும் என்று தீர்மானியுங்கள். “மாய அடையாளம்” என்று பொதுவாக எழுதிக்கொண்டே போனால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும், எந்த நாவலிலும் நிற்காது.

வரலாற்றைப் பார்த்தால் குறி இட்டவரின் நோக்கமும், குறியைச் சுமந்தவரின் வாழ்க்கையும் அரிதாகவே ஒத்துப்போயிருக்கின்றன. விவிலியத்தின் ஆதியாகமத்தில் காயீனுக்கு இடப்பட்ட அடையாளத்தைப் பலரும் தண்டனை என்று நினைக்கிறார்கள். மூலத்தில் அது காவல். யாரும் அவனைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக இடப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தினார்கள்; அந்த வழக்கம் 1849இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் குத்தப்பட்டவர்கள் தலைப்பாகையை இறக்கிக் கட்டி அதை மறைத்தார்கள். ஜப்பானில் எடோ காலத்தில் குற்றவாளிகளின் கையில் வளையம் குத்தினார்கள். அந்த வளையத்தின் மேலேயே அழகான சித்திரங்களைக் குத்திக்கொண்டு அதை விழுங்கவைத்தவர்கள் உண்டு. காவலாகப் பிறந்த குறி பழியாகிறது, பழியாக இட்ட குறி அலங்காரமாகிறது. ஒரு நாவலுக்கு வேண்டிய அசைவு இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே இரண்டு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில், இட்டவர் என்ன நினைத்தார்? இரண்டாம் வரியில், சுமப்பவர் அதை என்னவாக மாற்றிக்கொண்டார்? இரண்டும் ஒன்றாகவே இருந்தால் குறியை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: உடம்பில் எங்கே?

நெற்றியைத் தொடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. என் பிறைக்குறியின் கோபம். ஆனால் நெற்றிக்கும் ஓர் இயல்பு உண்டு: சுமப்பவர் அதைத் தானே பார்க்க முடியாது, எதிரில் நிற்பவர் பார்க்காமல் இருக்க முடியாது. முதுகுக்கு வேறு இயல்பு. உள்ளங்கையை மூடிக்கொள்ளலாம். நாக்கின் அடியில் இருப்பதைக் காதலனும் மருத்துவனும் மட்டுமே பார்ப்பார்கள்.

இடம் பொருளைத் தீர்மானிப்பதற்குச் சங்கப் பாடல்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். ஒரே வேல், ஒரே இரத்தம். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பில் பாய்ந்து முதுகையும் துளைத்ததால், சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த முதுகுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வேல் நுழைந்த பக்கம் புகழ், வெளிவந்த பக்கம் இழிவு. ஒரே காயத்துக்கு இரண்டு பொருள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு சான்று முற்றிலும் வேறு திசையிலிருந்து. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 குறிகள் இருந்தன. கோடுகளும் சிலுவைகளும்தான், சித்திரம் எதுவும் இல்லை. பெரும்பாலானவை இடுப்பின் பின்புறம், முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் இருந்தன. தேய்மானம் கண்ட மூட்டுகளுக்கு அருகில் இருப்பதால் அவை வலிக்கான சிகிச்சையாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குறி என்றாலே குலமும் குருவும் விதியும்தான் நினைவுக்கு வரும் எழுத்தாளருக்கு இது நல்ல மாற்று. முழங்கால் வலிக்காக இட்ட குறியை மூன்று தலைமுறைக்குப் பிறகு கோயில் முத்திரை என்று எண்ணி வணங்கும் ஒரு ஊரை யோசித்துப் பாருங்கள்.

குவளையின் கோடுகளை முன்கையின் உட்புறத்தில் வைத்தேன். தட்டை எடுக்கக் கை நீட்டும்போது சபை முழுவதும் பார்க்கும்; கையைத் திருப்பி மடியில் வைத்தால் மறையும். எப்போது காட்டுகிறாள், எப்போது திருப்புகிறாள் என்பதே அவளைப் பற்றிச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: யார் படிக்கிறார்கள்?

குறி என்பது எழுத்து. எழுத்தென்றால் வாசகர் வேண்டும், தவறாக வாசிப்பவரும் வேண்டும். குவளைக்கு அந்த ஏழு கோடுகளும் பெருமை. அரசனுக்கு அவை உத்தரவாதம்: இந்தப் பெண் ஏழு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் அரசனைக் கொல்ல வந்தவனுக்கு அவள் கை ஒரு பட்டியல். எந்தெந்த நஞ்சு இவளிடம் பலிக்காது என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத எட்டாவது ஒன்றைத் தேடிக்கொண்டு போனால் போதும். மூன்று பேர் மூன்று விதமாக வாசித்தவுடன் எனக்குக் கதை கிடைத்துவிட்டது; ஒளிரும் பிறை ஒரு நாளும் எனக்குக் கதை தரவில்லை.

போலிக் குறியையும் மறக்காதீர்கள். கொடிய நஞ்சுள்ள தவளைகள் பல பளீரென்ற நிறத்தில் இருக்கின்றன. “என்னைத் தின்னாதே” என்பதே அதன் பொருள். நஞ்சே இல்லாத சில உயிர்கள் அதே போன்ற நிறத்தை அணிந்து தப்பிக்கின்றன. அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளிடம் இதைக் கண்டு ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் 1862இல் எழுதினார். இந்தப் போலிக்கு ஒரு எல்லை உண்டு: போலிகள் பெருகிவிட்டால் பறவைகள் அஞ்சுவதை நிறுத்திவிடும், அசலுக்கும் காவல் போய்விடும். அரண்மனைச் சமையற்கட்டில் எல்லாரும் நீல மசியால் கோடு வரைந்துகொள்ளத் தொடங்கினால் குவளைக்கு என்ன ஆகும்? இயற்கையிலிருந்து எடுத்த விதிகள் மிகுபுனைவில் நன்றாக வேர் பிடிக்கின்றன. அந்தத் தவளைகளே இன்னொன்றும் சொல்கின்றன: அவற்றின் நஞ்சு தின்னும் பூச்சிகளிலிருந்து வருகிறது. கூண்டில் பிறந்து வேறு இரை தின்று வளர்ந்தால் நிறம் இருக்கும், நஞ்சு இருக்காது. இளவரசர்களைப் பற்றி எழுதுபவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: நஞ்சு எப்படி உள்ளே போகிறது?

வாளுக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். வாள் பகைவன் கையிலிருந்து வருகிறது. நஞ்சு பெரும்பாலும் நம்பியவர் கையிலிருந்து வருகிறது. கடித்த பாம்பின் நஞ்சு வேறு கணக்கு, அம்பு முனையில் தடவியது வேறு கணக்கு. உணவில் கலந்த நஞ்சுக்கு ஒரு விருந்து வேண்டும், ஒரு புன்னகை வேண்டும், “இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்ற உபசாரம் வேண்டும்.

அதனால்தான் நஞ்சு நட்பின் உரைகல்லாகவும் ஆகிறது. நெருங்கியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும், கண்ணோட்டம் உடையவர் அதை உண்டு அமைவர் என்கிறது குறள்: “பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.” நற்றிணையிலும் இதே கருத்து வருகிறது. கொடுப்பவர் கொல்கிறார் என்று தெரிந்தும் மறுக்காமல் இருப்பது! துரோகத்தின் சின்னம் என்று எல்லாரும் நினைக்கும் ஒன்றை மரியாதையின் உச்சமாகத் திருப்பிவைத்த துணிச்சல் இது. உங்கள் நாவலில் நஞ்சு வரும் காட்சியில் கொடுப்பவரைப் பற்றி நிறைய எழுதியிருப்பீர்கள். வாங்குபவருக்கு அது தெரியுமா, தெரிந்தும் ஏன் வாங்குகிறார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நேரம். நுரை தள்ளிச் சாய்வது சோம்பேறித்தனம். கி.மு. 399இல் சாக்ரடீஸ் ஹெம்லாக் என்ற நச்சுச்செடியின் சாற்றைக் குடித்தபோது பிளேட்டோ எழுதிய வரிசையைப் பாருங்கள்: நடந்துகொண்டிருக்கிறார், கால் கனக்கிறது, படுக்கிறார், பாதத்தை அழுத்தினால் உணர்வில்லை, மரமரப்பு மெல்ல மேலேறுகிறது, பேச்சு கடைசி வரை தெளிவாக இருக்கிறது. கீழிருந்து மேலே வரும் சாவு என்பதால் அவரால் ஒரு கடனை நினைவுபடுத்திவிட்டுப் போக முடிகிறது. ஆர்சனிக் வேறு வகை. அதன் வெண்பொடிக்குக் குறிப்பிடத்தக்க மணமோ சுவையோ இல்லை. சிறிது சிறிதாகக் கொடுத்தால் வயிற்று நோய் போலவே தெரியும். 1836இல் ஆங்கில வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனையில்தான் அது கண்ணாடியில் கருமையான பளபளப்பாகப் படிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மணி நேர நஞ்சு விடைபெறுதலுக்கு உரியது, ஆறு மாத நஞ்சு குடும்பத்துக்கு உரியது. எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நஞ்சைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: அளவு

எல்லாமே நஞ்சுதான், அளவே ஒன்றை நஞ்சற்றதாக ஆக்குகிறது என்ற பொருளில் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் 1538இல் எழுதினார். தமிழ் இதைப் பேச்சிலேயே வைத்திருக்கிறது. “மருந்து சாப்பிட்டான்” என்றால் உடல்நலம் தேறப்போகிறது. “மருந்தைக் குடித்துவிட்டான்” என்றால் வீடே அலறும். ஒரே சொல், வினை மாறியவுடன் உயிர் போகிறது. இடுமருந்து என்றால் இன்னொரு உலகம்.

அளவை வைத்து விளையாடியவர் என்றால் பொன்டஸ் நாட்டு அரசர் ஆறாம் மித்ரிடேட்ஸ். நஞ்சுக்குப் பயந்து தினமும் கொஞ்சம் நஞ்சு எடுத்துப் பழகினார் என்று பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கி.மு. 63இல் தோற்று, பிடிபடாமல் இறக்க நஞ்சு குடித்தார். அது வேலை செய்யவில்லை. காவலனின் வாளைக் கேட்க வேண்டியிருந்தது. காப்பு முழுமையாகிவிட்டால் அதுவே சிறை. மிகுபுனைவு எழுதுபவர் இதை அப்படியே எடுத்தாளக் கூடாது. ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் உள்விதியை எடுக்கலாம்: உங்கள் உலகில் ஒவ்வொரு காப்பும் ஒரு கதவை மூட வேண்டும். குவளைக்கு ஏழு நஞ்சுகள் பலிக்காது. பதிலுக்கு ஏழு சுவைகள் அவளுக்குத் தெரியாது என்று வைத்தேன். முதல் கோட்டோடு இனிப்பு போயிற்று.

ஆறாம் படி: இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது

இதுவரை குறியையும் நஞ்சையும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒன்று வெளியே தெரிவது, மற்றொன்று உள்ளே மறைவது. பல நாவல்களில் இவை வேறு வேறு அத்தியாயங்களில் வந்து போய்விடுகின்றன. இரண்டும் ஒரே உடம்பில் சந்திக்கும்போதுதான் குறியீட்டுக்குப் பலம் வருகிறது.

நமக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று நீலகண்டன். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. தொண்டையில் நிறுத்தினான், தொண்டை நீலமாயிற்று. கறைக்கண்டன் என்றே பெயர். கறை என்ற சொல் பழியைக் குறிப்பது; இங்கே அதுவே திருப்பெயர். நஞ்சு மறைந்திருக்க முடியாமல் குறியாக மாறிய கணம் அது.

இது புராணத்தில் மட்டும் நடப்பதன்று. ஆர்சனிக் உடலில் ஏறினால் சில வாரங்கள் கழித்து நகங்களில் குறுக்காக வெண்கோடுகள் தோன்றலாம். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். ஆகவே கோடு நகத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தால் நஞ்சு எப்போது ஏறியது என்று கணிக்கலாம். ஈயம் ஏறினால் பல் ஈறுகளின் ஓரத்தில் நீலச் சாயல் படியலாம். வெள்ளியை நீண்ட காலம் உட்கொண்டால் தோலே சாம்பல் நீலமாகிவிடும். மறுபக்கம், சிவப்புப் பச்சை குத்த ஒரு காலத்தில் பாதரசம் கலந்த சாதிலிங்கத்தைப் பயன்படுத்தினார்கள். அங்கே குறியே நஞ்சு.

நகத்தின் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். அது ஒரு நாட்காட்டி. பொய் சொல்லாத சாட்சி. குவளையின் உலகில் மருத்துவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதற்கு முன் நகத்தைப் பார்ப்பார் என்று ஒரு பழக்கத்தை வைத்தால், பிற்பகுதியில் ஒரு கொலைகாரனைப் பிடிக்க மாயமே தேவைப்படாது.

ஏழாம் படி: பக்கத்தில் எழுதுவது

என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “குவளையின் கையில் இருந்த மாயக் கோடுகள் அவள் கடந்துவந்த துயரங்களின் சின்னமாகத் துலங்கின.” வாசகருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அதை அடித்துவிட்டு எழுதியது இது:

“எட்டாவது கோட்டை முகம் கழுவும்போதுதான் பார்த்தாள். மசியோ என்று நகத்தால் சுரண்டினாள். தோல் சிவந்தது; கோடு அப்படியே இருந்தது. இந்த மாதம் அரசனின் தட்டில் எதுவும் இல்லை, அது அவளுக்கு நிச்சயம். சமையற்கட்டை நினைத்தாள், கிணற்றை நினைத்தாள். கடைசியில்தான் தங்கை இரவுதோறும் கொண்டுவந்து வைக்கும் பால் நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பால் வந்திருந்தது. குடித்தாள்.”

சின்னம் என்ற சொல் இல்லை, துயரம் என்ற சொல் இல்லை. தங்கை தன்னைக் கொல்கிறாளா, இல்லை எட்டாவது நஞ்சுக்கும் தன்னைப் பழக்கிக் காப்பாற்றுகிறாளா என்பது குவளைக்கே தெரியாது. கோடு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் விழும். கடைசிச் சொல்லை எழுதியபோதுதான் குறள் சொன்ன நாகரிகம் எனக்கே நினைவுக்கு வந்தது.

நடைமுறைக்கு ஒரு அளவு சொல்கிறேன். குறியை விரிவாக மூன்று இடங்களுக்கு மேல் காட்டாதீர்கள். முதல் முறை வெறும் உடம்பாக: சொறிகிறாள், கையைத் திருப்புகிறாள். இரண்டாம் முறை வேறொருவர் வாசிப்பாக. மூன்றாம் முறை முதல் இரண்டையும் கவிழ்ப்பதாக. இடையில் போகிற போக்கில் சொல்லலாம். ஒளிர்வது, அதிர்வது, எரிவது ஆகியவற்றை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்; நாடகத்தில் விளக்கு மாற்றுவது போல ஆகிவிடும்.

எட்டாம் படி: பழைய அச்சுகளை உடைப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருமை தீமை, வெண்மை தூய்மை என்ற கணக்கைக் கைவிடுங்கள். வெண்பொடிதான் வீடுவீடாகக் கொன்றிருக்கிறது. முகத்தில் வடு இருப்பவன் வில்லன் என்பதும் அப்படியே. காட்டில் வாழ்பவர்களுக்கு மட்டும் உடல் முழுக்கக் குறி வரைந்துவிட்டு, அரண்மனைக்காரர்களை வெறும் தோலோடு விடாதீர்கள். முத்திரை மோதிரமும் குறிதான்.

பெண்ணே நஞ்சு என்ற அச்சு மிகவும் பழையது. விசாகதத்தரின் முத்ராராட்சசம் நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல அனுப்பிய விஷகன்னியை (சிறுவயது முதல் நஞ்சூட்டி வளர்க்கப்பட்ட பெண்) சாணக்கியர் வேறொருவன் பக்கம் திருப்பிவிடுகிறார். இரண்டு அமைச்சர்களின் சதுரங்கத்தில் அவள் ஒரு காய். ஆயுதமாக வந்து ஆயுதமாகவே போய்விடுகிறாள். அவளுக்குச் சிறுவயதில் முதல் துளியைக் கொடுத்தது யார், அன்று அவள் என்ன கேட்டாள் என்று தொடங்கும் நாவலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

கடைசிப் படி: நீக்கிப் பார்ப்பது

வரைவு முடிந்ததும் குறியையும் நஞ்சையும் குறிப்பிடும் வாக்கியங்களை எல்லாம் வேறு நிறத்தில் அடையாளமிட்டு, அவற்றை நீக்கிவிட்டுப் படியுங்கள். கதை தடுமாறாமல் ஓடினால் அவை வெறும் அலங்காரம்.

பரணிலிருந்து அந்தப் பழைய கைப்பிரதியை எடுத்து இதைச் செய்து பார்த்தேன். நானூறு பக்கத்தில் பிறைக்குறி இருந்தது பதினொரு வாக்கியங்களில். பதினொன்றையும் அடித்தேன், நாயகன் முன்பு போலவே போருக்குப் போனான், முன்பு போலவே வென்றான். பிறகு குவளையின் கையிலிருந்து எட்டாவது கோட்டை மட்டும் அழித்துப் பார்த்தேன். அவள் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.